கரை வேட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: புதிதாக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு

எங்கள் தாலுகா அலுவலகத்தில் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த தம்பி ஒருவன். நல்ல பையன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வலது கை மோதிர விரலில் ஒரு தலைவர் படம் பதித்த மோதிரம், அவன் அப்பா போட்டுவிட்டது. சேர்ந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைக் கேட்க ஒரு பாட்டி வந்தார். மனுவை நீட்டும்போது மோதிரத்தைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி நம்ம கட்சியா, அப்ப என் வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், வேட்டியின் கரையைப் பார்த்தால் எதிர்க்கட்சி, எதுவும் பேசாமல் தன் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அடுத்த மேசையில் யாரும் இல்லை. ஆனாலும் அங்கேயே நின்றார்.

அன்று சாயங்காலம் சோப்புப் போட்டுத் திருகித் திருகி அந்த மோதிரத்தைக் கழற்றினோம். பாத்ரூம் வாஷ்பேசின் அருகில் இரண்டு பேர் நின்று, ஒருவன் கையைப் பிடிக்க இன்னொருவன் இழுக்க, பெரிய கூத்து.

புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் பாதி இது சம்பந்தமானவைதான். என்ன உடுத்தலாம், என்ன போடக்கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கலாமா, அண்ணன் கட்சியில் இருக்கிறானே பரவாயில்லையா, இப்படி. வருவாய்த் துறையில் பதினாறு வருடம் கழித்தவன் என்கிற முறையில், எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தனியார் கம்பெனிக்காரர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் விதியை ஒருமுறை படியுங்கள்

புதிதாகச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கான பவானிசாகர் பயிற்சிக்குப் போகும்போது நடத்தை விதிகள் பற்றி வகுப்பு எடுப்பார்கள். பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு, பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், நானும்தான். அதனால் வேலையில் சேர்ந்த வாரமே தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்பதைத் தேடி எடுத்து, அரசியல், தேர்தல் பற்றிய விதியை மட்டுமாவது படியுங்கள். மத்திய அரசு வேலை என்றால் உங்களுக்கு 1964-ஆம் ஆண்டு விதிகள், அதில் 5-ஆம் விதி. இரண்டும் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகின்றன.

சுருக்கம் இது: எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, கட்சிக்கு நன்கொடை தரக்கூடாது, எந்த வகையிலும் உதவக்கூடாது, தேர்தலில் யாருக்காகவும் ஓட்டுக் கேட்கக்கூடாது. உங்கள் ஓட்டை நீங்கள் போடலாம், ஆனால் யாருக்குப் போடப்போகிறீர்கள், யாருக்குப் போட்டீர்கள் என்று வெளியே காட்டிக்கொள்ளக்கூடாது.

மத்திய விதியில் இதற்குக் கீழே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அரசு ஊழியர் ஒரு தேர்தல் சின்னத்தைத் தன் உடம்பிலோ, வண்டியிலோ, வீட்டிலோ காட்டினால், அதுவே தேர்தலில் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகக் கணக்கு. நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சின்னம் பொறித்த ஒரு பேட்ஜைக் குத்தியிருந்தீர்கள், அவ்வளவுதான். உடம்பு, வண்டி, வீடு என்கிற அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம். 1964-இல் எழுதியது, அதனால் செல்போன் பட்டியலில் இல்லை. இன்று எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள்.

ஒருநாள் உட்கார்ந்து பீரோவைப் பிரித்துவிடுங்கள்

ஊர் ஊருக்கு அரசியல் வேறு மாதிரி உடுத்தப்படும். நம் ஊரில் அது வேட்டிக் கரையில் இருக்கிறது. கருப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வந்தால் இன்னொரு கட்சி, மூவர்ணம் ஒன்று, நீலம் மஞ்சள் சிவப்பு ஒன்று, நீலம் சிவப்பு ஒன்று. ஒரு விரற்கடை அகலத்தில் ஒருவருடைய மொத்த அரசியலையும் இருபது அடி தூரத்திலிருந்து நம் ஆட்கள் படித்துவிடுவார்கள், வேறு மாநிலத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எனவே:

வேட்டி கட்டி வரலாம், தாராளமாக. 2019-இல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு உடை பற்றி ஓர் அரசாணை வந்தது. ஆண்களுக்குச் சட்டையோடு ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி, பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார், யாருக்கும் கேஷுவல் உடை கிடையாது என்று சொன்னது. செயலகத்துக்கு என்று வந்தாலும் மாவட்டத்தில் இருக்கிற அதிகாரிகளும் அதையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். கோர்ட்டில் ஆஜராகப் போகும்போது கெடுபிடி இன்னும் அதிகம், அப்போது சூப்பிரண்டென்டைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

கரை மட்டும் கவனம். தங்க ஜரிகை, பச்சை, மயில்கண் எல்லாம் பிரச்சினை இல்லை. ஜனவரியில் வேட்டி தினம் கொண்டாடுகிற அலுவலகங்களில்தான் விபத்து நடக்கும். சொந்தமாக வேட்டி இல்லாத பையன் அப்பா பீரோவிலிருந்து ஒன்றை உருவிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். ஒரு வருடம் எங்கள் அலுவலகத்தில் அப்படி வந்தவனைக் குரூப் போட்டோவில் கடைசி வரிசையில், இரண்டு பேருக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே தெரியாத மாதிரி நிற்கவைத்தார்கள். அவனுக்கு ஏன் என்றே புரியவில்லை, பாவம், கரைக்கு அர்த்தம் இருக்கிறது என்பதையே யோசிக்காத தலைமுறை.

வேட்டிக்கு ஒரு தனிச் சட்டமே இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். இருக்கிறது. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிப்போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்று பெரிய சர்ச்சை ஆகி, அதே வருடம் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அது கிளப், பொது இடம் போன்றவற்றில் நுழைவதைப் பற்றியது. கட்சிக் கரையோடு மேசையில் உட்கார்வதற்கு அதில் பாதுகாப்பு கிடையாது.

நிறம் மட்டும் வைத்து யாரும் உங்களை எதுவும் சொல்ல முடியாது, இதில் தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கருப்புச் சட்டை என்றதும் திராவிடர் கழகம் ஞாபகம் வரும், சரி. ஆனால் கார்த்திகை பிறந்தால் அலுவலகத்தில் கால்வாசிப் பேர் மாலை போட்டுக் கருப்பு வேட்டியும் தாடியுமாகத்தான் வருகிறார்கள், செருப்புக்கூட இல்லாமல். மேல்மருவத்தூருக்கு மாலை போட்ட அக்காமார்கள் சிவப்பில் வருவார்கள், அவர்களை யாரும் கம்யூனிஸ்ட் என்று சொன்னதில்லை. நிறத்தோடு வேறு எது சேர்கிறது என்பதுதான் கேள்வி: சின்னம், வாசகம், தலைவர் படம், அல்லது நாள். கட்சித் தலைவர் பிறந்தநாள் அன்று பார்த்து அந்தக் கட்சி நிறத்தில் புடவை, அதே நிறத்தில் பொட்டு, அதே நிறத்தில் வளையல் என்று வந்துவிட்டு, சும்மா கிடைத்ததைக் கட்டினேன் சார் என்றால் எந்த சூப்பிரண்டென்டும் நம்பமாட்டார்.

பையில் தெரிகிற மாதிரி தலைவர் படம், படம் போட்ட பேனா, மோதிரம், செயின் டாலர், இவற்றை வீட்டில் வைத்துவிடுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால்? போட்டித் தேர்வுக்கு முன்னால் கல்லூரிக் காலத்தில் சின்னத்தையே குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை. ஆயுசுக்கும் முழுக்கைச் சட்டை.

டி-சர்ட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2024-இல் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளில் கட்சிச் சின்னம் போட்ட டி-சர்ட் அணிகிறார் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள், அந்த 2019 அரசாணையையே காட்டி. அந்த ஆணை அவருக்குப் பொருந்துமா, டி-சர்ட் என்பது கேஷுவல் உடையா என்றெல்லாம் நீதிமன்றம் கேள்வி கேட்டது. டீக்கடையில் நாங்கள் ஒரு வாரம் இதைத்தான் பேசினோம். அமைச்சர் அரசியல்வாதி, அவர் கட்சிக்காரர்தான் என்பது ஊருக்கே தெரியும். நீங்கள் அப்படி இல்லை. "அவர் போடலாம், நான் போடக்கூடாதா" என்கிற வாதத்தை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினால் இதையே பதில் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவன் எழுதினான்.

வண்டி, வீடு, செல்போன்

பைக்கில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், கார் டேஷ்போர்டில் குட்டிக் கொடி, நம்பர் பிளேட் ஓரத்தில் கட்சி நிறப் பட்டை. வண்டி உங்கள் பெயரில் இல்லை, தம்பியுடையது என்றாலும் அலுவலக வளாகத்துக்குள் அதை ஓட்டிக்கொண்டு வருவது நீங்கள். கழற்றிவிடுங்கள், ஹேர் டிரையர் காட்டினால் ஸ்டிக்கர் பசை விட்டுவிடும், பிளேடு வைத்துச் சுரண்டாதீர்கள், பெயின்ட் போய்விடும்.

வீடு கொஞ்சம் சிக்கல். வாடகை வீட்டில் மாடியில் நீங்கள், கீழே வீட்டுக்காரர் கட்சிக் கொடி கட்டியிருந்தால் அது உங்கள் பாடு இல்லை. உங்கள் வாசல் கதவில் யாரோ பிரசாரத்தில் வந்து ஸ்டிக்கர் ஒட்டிப் போனால், பார்த்த அன்றே கிழித்துவிடுங்கள்.

செல்போனில்தான் இப்போது எல்லோரும் மாட்டுகிறார்கள். டிபி, ஸ்டேட்டஸ், காலர் டியூன். கட்சிப் பாட்டைக் காலர் டியூனாக வைத்திருந்த ஒரு வி.ஏ.ஓ.வுக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டு முடிகிற வரை அந்தப் பக்கம் அமைதி.

பார்வர்டு செய்வதைப் பற்றிப் பலர் "நான் எழுதலையே, வந்ததை அனுப்பினேன்" என்பார்கள். அது எடுபடாது. ஒரு செய்தியைப் பார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்கிற பொருளில் 2018-லேயே சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. என் வழக்கம் இது: அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் தபால், சுற்றறிக்கை, லீவ் தகவல், இறப்புச் செய்தி தவிர வேறு எதுவும் போடுவதில்லை. குட்மார்னிங் படம்கூட இல்லை, ஏனென்றால் அந்தப் படத்தின் மூலையில் யாரோ ஒரு தலைவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

அதற்காக வாயே திறக்கக்கூடாது என்று அர்த்தம் இல்லை. 2020-இல் திரிபுரா உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெறச் சில நாட்களே இருந்த ஓர் அரசு ஊழியர், கட்சிக் கூட்டத்துக்குப் போனார், பேஸ்புக்கில் எழுதினார் என்று சஸ்பெண்ட் ஆனார். கூட்டத்துக்குப் போவது வேறு, அதில் பங்கெடுப்பது வேறு, அரசு ஊழியர் என்பதாலேயே கருத்துரிமை இல்லாமல் போய்விடாது என்று நீதிமன்றம் சொல்லி, நடவடிக்கையை ரத்து செய்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு கிராம வங்கி ஊழியர் வழக்கு. நிர்வாகத்தைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பியதற்கு அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். ஊழியருக்கு மனக்குறை இருப்பது இயல்பு, அதைக் கொட்டித் தீர்க்கவும் உரிமை உண்டு என்று அந்தக் குறிப்பாணையை நீதிபதி ரத்து செய்தார். நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இரண்டு பேரும் முதலில் நடவடிக்கையை வாங்கி, வக்கீல் பிடித்து, அப்புறம்தான் ஜெயித்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

எது அரசியல் என்கிற பட்டியலும் நிலையானது இல்லை. ஆர்.எஸ்.எஸ். நடவடிக்கைகளில் மத்திய அரசு ஊழியர்கள் கலந்துகொள்ள 1966-இலிருந்து தடை இருந்தது, 2024 ஜூலையில் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. மாநில ஊழியர் அதைப் பார்த்து நமக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கக்கூடாது, உங்களுக்கு உங்கள் விதி. ஏதாவது ஓர் அமைப்பில் சேரச் சொல்லி யாராவது படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஃப்ளெக்ஸ் போர்டும் சொந்தக்காரர்களும்

உண்மையில் பாதிப் பேர் மாட்டுவது சொந்தத் தவறால் இல்லை, மாமன் மச்சானால்தான்.

உங்கள் அப்பா கவுன்சிலராக இருக்கலாம். மனைவி தேர்தலில் நிற்கலாம். அதற்காக உங்களை யாரும் தண்டிக்க முடியாது. நீங்கள் அவர்களோடு பிரசார வேனில் ஏறாமல் இருந்தால் போதும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், தலைவர் பிறந்தநாளுக்கு மச்சான் ஒரு ஃப்ளெக்ஸ் அடிப்பார். மேலே தலைவர், அதற்குக் கீழே மாவட்டம், ஒன்றியம், கிளை என்று வரிசையாக முகங்கள், கீழே கடைசி வரிசையில் குடும்பத்து ஆட்கள், அதில் நீங்கள். சிரித்துக்கொண்டு, கூலிங் கிளாஸோடு. அதுவும் பாசத்தில், பெயருக்குக் கீழே "வருவாய்த் துறை" என்று வேறு போட்டிருப்பார், ஏனென்றால் குடும்பத்தில் முதல் அரசு வேலை, அவருக்குப் பெருமை. அந்தப் போர்டு உங்கள் அலுவலகத்துக்குப் போகிற வழியிலேயே நிற்கும். எதிர்க்கட்சிக்காரர் யாராவது செல்போனில் படம் எடுத்துப் புகார் மனுவோடு இணைத்து அனுப்பினால், விளக்கம் கேட்டு மெமோ வந்து சேரும்.

எனக்கே நடந்தது. என் கல்யாணத்துக்குச் சித்தப்பா அடித்த வாழ்த்து போர்டில் மணமக்களைவிடக் கட்சித் தலைவர்கள் பெரிதாக இருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் பார்த்துவிட்டு, நானும் என் நண்பனும் ஏணி போட்டு, என் பதவிப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை.

எனவே வேலை ஆர்டர் கையில் வந்ததும் வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: மாமா, எந்த போர்டிலும் என் படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம், துறையும் வேண்டாம். கெஞ்சிச் சொல்லுங்கள், அதட்டிச் சொன்னால் வேண்டுமென்றே போடுவார்கள். கல்யாணத்துக்கு அமைச்சர் வருகிறார், எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் வரட்டும், விருந்தாளி விருந்தாளிதான். மேடையில் அவர் அரசியல் பேசினால் நீங்கள் பாயசம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய்விடுங்கள்.

தேர்தல் வேலைக்குப் போடும்போது

தேர்தல் அறிவித்ததும் அலுவலகச் சுவரில் இருக்கிற தலைவர்கள் படத்தையெல்லாம் மூடுவார்கள், கழற்றுவார்கள். உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற காலண்டரையும் அப்போதே பாருங்கள். ஜவுளிக்கடை காலண்டர் என்று நினைத்திருப்பீர்கள், பின்பக்கம் வட்டச் செயலாளர் சிரித்துக்கொண்டிருப்பார்.

வாக்குச்சாவடிக்கு உடை பற்றி நான் சொல்வது: ஒரே நிறத்தில், கரையே தெரியாத, கசங்கினாலும் பரவாயில்லாத ஏதாவது. முந்தின நாளே போய் அங்கேயே படுத்து, விடியற்காலை எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, ராத்திரி மெஷினை ஒப்படைக்கிற வரை அதே உடையில் இருப்பீர்கள். ஒரு தேர்தலில் என்னோடு வந்த டீச்சர் ஒருவர் கருப்பு உடம்பில் சிவப்புக் கரை போட்ட சுங்குடிப் புடவை கட்டி வந்தார். அவருக்கு மனதில் ஒன்றும் இல்லை, புதுப் புடவை, காட்டன், வெயிலுக்கு நல்லது. காலை ஏழரைக்கு ஒரு கட்சி ஏஜென்ட் எழுந்து நின்று, "சார், மேடம் பிரசாரத்துக்கு வந்திருக்காங்களா, வேலைக்கு வந்திருக்காங்களா" என்று சத்தம் போட, இன்னொரு ஏஜென்ட் பதிலுக்குச் சத்தம் போட, வரிசை நின்றுவிட்டது. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர். கடைசியில் பள்ளிக்கூட ஆயா வீட்டிலிருந்து ஒரு வெளிர்நீலப் புடவை வாங்கி மாற்றிக்கொண்டு வந்தார். கருப்பு சிவப்புப் புடவை கட்டக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நாள் முழுக்க அதை விளக்கிக்கொண்டிருக்க நமக்கு நேரமும் இல்லை.

இந்த ஒருநாள் விஷயத்தில் சட்டம் வெறும் இலாகா நடவடிக்கையோடு நிற்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 129-ஆம் பிரிவு, தேர்தல் பணியில் இருப்பவர் ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக எதையாவது செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. 134ஏ பிரிவு, அரசு ஊழியர் வேட்பாளருக்கு ஏஜென்டாக உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை. சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக்கூடாது. ஏஜென்ட்கள் வாங்கிவருகிற இட்லி, டீ எதையும் தொடாதீர்கள், பசித்தாலும் பரவாயில்லை. பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோங்கள். தபால் ஓட்டுப் போட்டுவிட்டு அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிற புத்தி யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

தனியார் கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு

உங்களுக்கு நடத்தை விதி கிடையாது. கட்சியில் சேரலாம், பொறுப்பில் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கொடி பிடிக்கலாம். ஆனால் ஆஃபர் லெட்டரோடு இருபது பக்கம் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் உடை பற்றி ஒரு பத்தியும் சோஷியல் மீடியா பற்றி ஒரு பத்தியும் இருக்கும். தேடிப் படியுங்கள். அரசு ஊழியரைத் தண்டிக்க விசாரணை, பதில், மேல்முறையீடு என்று நீண்ட வழி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் ஹெச்.ஆர். ஒரு மீட்டிங் போட்டு, ராஜினாமா மெயிலை நீங்களே அனுப்புகிற மாதிரி முடித்துவிடுவார்கள்.

2020 செப்டம்பரில் "இந்தி தெரியாது போடா" டி-சர்ட் வந்ததே, திருப்பூரில் அடித்துத் தள்ளினார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை கேஷுவல் டே அன்று ஆபீஸ் போகலாமா என்று என் அத்தை பையன் கேட்டான். அவன் டீம் லீடு லக்னோக்காரர். அது மொழி உணர்வு, கட்சி இல்லை என்று அவன் வாதம். எனக்கும் அந்த டி-சர்ட் பிடிக்கும், ஆனால் "போடா" என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு அப்ரைசல் போடுகிறவர் முன்னால் உட்கார வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. போனான். லக்னோக்காரர் அர்த்தம் கேட்டார், இவன் சொன்னான், அவர் சிரித்துவிட்டு எனக்கும் ஒன்று வாங்கித் தா என்றாராம். எல்லா இடத்திலும் இப்படி முடியாது.

ஆபீஸ் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போராட்டத்தில் நிற்காதீர்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. ஊழியர்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், அந்த நேரத்து உணர்வு வேறு. சாதாரண நாளில் அந்தக் கார்டு படத்தில் விழுந்தால் நீங்கள் கம்பெனி சார்பில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். டேக்கில் குத்துகிற பின்களுக்கும் இதே கதைதான். இன்னொன்று, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தருவது கம்பெனியின் பெருந்தன்மை இல்லை, அதே 1951 சட்டத்தின் 135பி பிரிவு. மேனேஜர் லீவ் போடச் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியது இருந்தால் எப்படிச் சொல்வது

அரசு ஊழியருக்கு வருவோம். சம்பளம், ஓய்வூதியம், காலியிடம், வேலைப்பளு பற்றியெல்லாம் பேசுவது கட்சி அரசியல் ஆகாது. அதற்குச் சங்கம் இருக்கிறது, சேர்ந்துகொள்ளுங்கள். நம் அலுவலகங்களில் பழைய முறை ஒன்று, கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்ப்பது. இதையும் உடைக் கட்டுப்பாடு என்று சொல்லித் தடுக்கலாமா என்றால், 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஆர்ப்பாட்டத்தையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்த பீகார் அரசு விதி செல்லாது என்று சொன்னது. ஆர்ப்பாட்டம் என்றால் கூச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குறையைச் சொல்ல பேட்ஜ் குத்திக்கொள்வதுகூட அமைதியான ஆர்ப்பாட்டம்தான் என்று அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. ஆனால் வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்புச் சொல்கிறது. 2003-இல் அது நமக்குக் கண்ணெதிரே நடந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள், அதை எதிர்த்துப் போன ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வேலைநிறுத்த உரிமை கிடையாது என்றது. அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா ராத்திரியெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்திருக்கிறேன்.

பேட்ஜ் குத்தும்போது சில விஷயம். சங்கம் அறிவித்த நாளில், சங்கம் கொடுத்த பேட்ஜை மட்டும் குத்துங்கள். கட்சிச் சின்னமோ கட்சிப் பெயரோ அதில் இருந்தால் வேண்டாம். மனுவோடு வருகிறவர் ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பாருங்கள், பிரசங்கம் செய்யாதீர்கள், அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருந்தால் குத்தலாமா என்று கேட்பீர்கள். குத்தியவர்களும் இருக்கிறார்கள், காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள், நான் காத்திருந்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு.

மெமோ வந்துவிட்டால்

பதறாதீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் விளக்கம் கேட்கிற சாதாரண மெமோ. அது 17(ஏ) ஆகலாம், 17(பி) ஆகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். இரண்டும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வருகிற பிரிவுகள்: 17(ஏ) சின்னத் தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. 17(பி) நிலுவையில் இருக்கிற வரை பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும், அதனால்தான் அந்த வார்த்தையைச் சொன்னாலே அலுவலகத்தில் குரல் தாழ்கிறது. சஸ்பெண்ட் ஆனால் பிழைப்பூதியம்தான், பாதிச் சம்பளம்.

மெமோவை வாங்க மறுக்காதீர்கள், வாங்கித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அன்று ராத்திரியே பதில் எழுதாதீர்கள், கோபம் எழுத்தில் தெரியும். கெடு எத்தனை நாள் என்று பாருங்கள், போதாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். எந்தப் படம், எந்தத் தேதி, எந்தப் பதிவு என்று மெமோவில் இல்லையென்றால், அந்த ஆவணத்தின் நகலை முதலில் கேளுங்கள். பதிலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: போர்டை வைத்தது இன்னார், எனக்குத் தெரியாது, தெரிந்த அன்றே அகற்றச் சொன்னேன், அகற்றியாயிற்று. கட்சியைப் பற்றியோ புகார் கொடுத்தவரைப் பற்றியோ ஒரு வார்த்தை வேண்டாம். சங்கப் பொறுப்பாளர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், பழைய ஆட்களுக்கு இந்த மொழி அத்துப்படி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தபால் பிரிவின் தேதி முத்திரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அலுவலக டிராயரில் வைக்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் ஆகும்போது அந்த டிராயர் உங்களோடு வராது.